கடைசிப் பக்கங்களில் போட்ட தையல்

சேசு மரி சூசை துணை

குன்னம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜோசப்புக்கு, உன் அக்காள் புருஷன் செல்வநாதன் எழுதிக்கொண்டது. (அன்புள்ள என்பது கடித இலக்கணத்துக்காகப் போட்டது. நீ அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இவ்விடம் நான் நலம், வெள்ளாடு நலம், அடையில் இருக்கும் கோழி நலம். அவ்விடம் உன் அக்காள் தெரசம்மாள் நலமாகத்தான் இருப்பாள், அதை அறிய எனக்கு ஒரு அவாவும் இல்லை, ஏனென்றால் நேற்று உனக்குப் போன் போட்டபோது நீ யோக்கியன் மாதிரி "சொல்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாய், அவள் பின்னாலிருந்து சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. சாம்பார்ப் பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று ஒரு மனுஷன் கேட்டதில் என்னடா சிரிப்பு? அவளுக்கு நேராகப் போட்டால் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் கடுதாசி. கடுதாசிக்கு ஸ்பீக்கர் கிடையாது. இதை நீ மட்டும் படி. உன் மகள் ஷாலினி மேரியிடம் கொடுத்து ஞாயிறு வாசகம் மாதிரி உரக்க வாசிக்கச் சொல்லி வீடே உட்கார்ந்து கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காளை ஏலாக்குறிச்சியிலிருந்து அடுத்த பஸ்ஸில் ஏற்றி அரியலூர் அனுப்பு. அரியலூரிலிருந்து குன்னத்துக்கு அவளுக்கு வழி தெரியும். நிபந்தனை கிபந்தனை எதுவும் இல்லாமல் வர வேண்டும். அவள் உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "உங்க மாமா என்னைய நிம்மதியா ஒரு கதை படிக்க வுட மாட்டேங்குறாருடா" என்று மூக்கைச் சிந்தியிருப்பாள், நீயும் அக்கா அக்கா என்று கெண்டை மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்திருப்பாய். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவன் நாசமாய்ப் போவான் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? நான் சொல்கிறேன், கேள்.

கோழியைப் பிடிக்கப் போய் அவள் வழுக்கி விழுந்ததும், பெரம்பலூரில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டதும் உனக்குத் தெரியும். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாயே. தையல் மெஷின் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு எவ்ளோ நேரந்தான் கெடக்குறது, லைப்ரரில ரெண்டு பொஸ்தகம் எடுத்தாங்க" என்றாள். எனக்குப் பூரிப்பு. கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் ஜாக்கெட் தைப்பதும் ஜெபமாலை சொல்வதுமாக இருந்தவள், இந்த வயதில் அறிவை வளர்த்துக்கொள்ளக் கேட்கிறாளே என்று நினைத்து, பார்த்துப் பார்த்து எடுத்துவந்தேன். எலும்பு முறிவுக்கான உணவு முறைகள் பற்றி ஒன்று, தமிழ்நாட்டு நதிகள் பற்றி ஒன்று, மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, காலு ஒடஞ்சது எனக்கா, மக்காச்சோளத்துக்கா?" என்றாள். தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்றேன். "நமக்கு ஒரு செடி சோளம் உண்டா? கதைப் பொஸ்தகம் கேட்டா பூச்சி மருந்துப் பொஸ்தகத்தக் கொண்டாந்து நெஞ்சுல வைக்கிறீங்க" என்று சொல்லி, அதைத் தலைமாட்டில் வைத்து அதன்மேல் மாத்திரை டப்பாவையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்தாள். நூலகப் புத்தகத்தின்மேல் தண்ணீர்ச் செம்பு, ஜோசப்!

சரி, தொலையட்டும் என்று கதைப் புத்தகம் எடுத்துவந்தேன். அன்றைக்குப் பிடித்தது சனியன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் ஓடிப்போய் இறக்குகிறேன், அவள் கட்டிலில் கிடந்து கெக்கே பிக்கே என்று சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்லங்க" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "காலு வலிக்குதா?" என்று பதறிப் போய்க் கேட்கிறேன். "இல்லங்க, பாவம் அந்தப் புள்ள" என்கிறாள். எந்தப் பிள்ளை? அச்சடித்த பிள்ளை! என் பணி நிறைவு விழாவில் பியூன் முதல் பாதிரியார் வரைக்கும் அழுதார்கள், இவள் ஒரு சொட்டு விட்டாளா? கேசரி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். இப்போது ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தலையணை நனைகிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் சின்ன வெங்காயம் கொடுக்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், டைலரம்மா எதுக்குப் படிக்கிறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நம் தமிழில் படிக்கிறது என்றால் எதற்காவதுதான் படிக்கிறது. ஒருத்தன் பத்தாவது படிக்கிறான், ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், மற்ற எல்லாரும் குரூப் ஃபோருக்குப் படிக்கிறார்கள். சும்மா படிக்கிறாள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? "சும்மா இருக்காத, படி" என்று காலமெல்லாம் வகுப்பில் கத்திய வாய் இது. சும்மா ஒரு பக்கம், படி ஒரு பக்கம், கீரியும் பாம்பும் மாதிரி இருந்த இரண்டு சொல்லை இவள் ஒன்றாகக் கட்டி வைத்துச் சும்மா படிக்கிறேன் என்கிறாள்! நான் "ம்ம்ம்" என்று இழுத்தேன். கொளஞ்சியம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் உரக்கடை வேல்முருகன், குரூப் ஃபோர் மாதிரி வினாத்தாள் புத்தகத்தோடு வந்துவிட்டான். "டைலரம்மா குரூப் ஃபோர் எழுதுறாங்களாமே சார், வயசு வரம்ப எடுத்துட்டாங்களா? எங்க மாமியாரும் வூட்ல சும்மாதான் கெடக்கு, ஒரு அப்ளிகேசன் போட்டு வுட்டுருவமா?" என்று கேட்கிறான். உன் அக்காள் மாவுக்கட்டு அதிர அதிரச் சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது.

அவன் போனதும் கேட்டேன், நிதானமாகத்தான் கேட்டேன், "நீ எதுக்குத்தான் படிக்கிற?" என்று. "நல்லாருக்கு, படிக்கிறேன்" என்றாள். நல்லாருக்கு என்பது ஒரு காரணமா? இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்றேன். "தெனம் நாலு தடவ டீ குடிக்கிறீங்களே, அதுல இன்னி வரைக்கும் நீங்க என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்கிறாள். இப்படிக் குதர்க்கமாகப் பேசுகிறவளிடம் எப்படிக் குடித்தனம் நடத்துவது, நீயே சொல்.

இருந்தாலும் நான் ஆசிரியன். படிக்கிறதுதான் படிக்கிறாள், அதைப் பயனுள்ளதாக ஆக்கிக் கொடுப்போம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த ஒரே குற்றம். கதைப் புத்தகத்தை முழுக்கப் படிக்க எனக்கு நேரம் இல்லை, தேவையும் இல்லை. எந்த ஆசிரியரும் பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளைத்தான் முதலில் பார்ப்பார், நானும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் சிவப்பு மையில், முத்து முத்தான கையெழுத்தில், கற்றல் நோக்கங்கள், பாடச் சுருக்கம், ஒரு மதிப்பெண் வினாக்கள், விடைகள் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒரு துப்பறியும் கதைக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன், நீயே மார்க் போடு: "கொலை செய்தவர் குடும்ப டாக்டர். காரணம் சொத்து. இக்கதையிலிருந்து நாம் அறிவது: உயில் எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது." என்ன குறை? சாரம் முழுக்க வந்துவிட்டது, ஒரு புத்தகம் படிக்கிற நேரம் மிச்சம்.

அதைப் பார்த்துவிட்டு அவள் போட்ட கூச்சலில் அடைக்கோழி எழுந்து ஓடியது. "டாக்டருதான்னு மொதப் பக்கத்துலயே எழுதி வச்சீங்கன்னா, அந்த டாக்டரு ஒவ்வொரு தடவ உள்ள வர்றப்பவும் எனக்கு என்னங்க இருக்கு? பந்தில உக்கார வச்சு, சாப்புட்டு முடிச்சவன் எலய முன்னால காமிச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் கேட்கிறேன், வரலாற்றில் நாங்கள் முடிவைச் சொல்லிவிட்டுத்தானே பாடமே நடத்துகிறோம்? பானிபட்டில் யார் ஜெயித்தார் என்று எந்தப் பையனாவது கடைசி வரி வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? முதல் வரியிலேயே பாபர் ஜெயித்தார் என்று சொல்லிவிடுகிறோம், பையன் நிம்மதியாகத் தூங்குகிறான். அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இக்கதையிலிருந்து நீ அறிவது யாது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வாத்தியாருக்கு வாக்கப்படக் கூடாதுங்கிறது" என்றாள். அரை மார்க்கூடப் போடவில்லை.

இதோடு முடிந்ததா? நான் எழுதியது என் பெண்டாட்டிக்காக. நூலகப் புத்தகம் ஊர் சுற்றப் போனால் அது என் தப்பா? ஒரு நாள் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். ஷேக் தாவூத் என்று பெயர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், குவைத்தில் வேலை, லீவில் வந்திருக்கிறார். கையில் அந்தத் துப்பறியும் புத்தகம். "வாத்தியாரே, போன லீவுல இதப் பாதி படிச்சேன், டிக்கெட் தேதி வந்துருச்சு, திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டு வருசம் அந்த வெயில்ல யாரு கொன்னிருப்பா, யாரு கொன்னிருப்பான்னு நெனச்சுக்கிட்டேதான் வேல பாத்தேன். ரூம்ல ஒருத்தன் எனக்குத் தெரியும்னான். சொன்னீன்னா நாக்க அறுத்துப்புடுவேன்னுட்டேன். வந்து எறங்கி, புள்ளைங்க மொகத்தப் பாத்துட்டு, நேரா லைப்ரரிக்கு வந்து இதத் தொறக்குறேன், மொதப் பக்கத்துல டாக்டர்னு போட்டு வச்சிருக்கீங்களே, அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க, இது அடுக்குமா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. இரண்டு வருஷத்து மன உளைச்சலை ஒரே வரியில் தீர்த்துவைத்திருக்கிறேன், நீங்கள் எனக்கு நன்றி அல்லவா சொல்ல வேண்டும் என்றேன். உள்ளேயிருந்து உன் அக்காள் "பாய், உள்ள வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டாள். அப்புறம் இரண்டு பேருமாக, என் வீட்டில், நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் கம்பவுண்டர்னுல்ல நெனச்சிருந்தேன் தங்கச்சி" என்று அவர் சொல்ல, "நானும் கம்பவுண்டர்னுதான் நெனச்சிருப்பேன் பாய், எங்க நெனக்க வுட்டாரு" என்று இவள் சொல்ல, நான் நிற்கிறேன், தட்டில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு.

மறுநாள் நூலகத்தில் அவமானம். நூலகர் கலைச்செல்வன் என்னிடம் வரலாறு படித்தவன்தான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிறவன் எவனும் நல்லது சொன்னதில்லை. என் உறுப்பினர் அட்டையை வாங்கி டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினான்: "புத்தகத்தில் கதையின் முடிவை எழுத கூடாது." என் பெயரைப் போடவில்லை, ஆனால் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான், குத்தலைப் பார்! அதிலும் ஒற்றை விழுங்கிவிட்டான். எழுதக் கூடாது என்று அல்லவா வர வேண்டும்? நான் அங்கேயே பேனாவை எடுத்து ஒரு "க்" போட்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டான். நல்லதுக்குக் காலமில்லை.

இப்போது உன் அக்காள் செய்த வேலைக்கு வருகிறேன். என் அட்டை போனதும் இவள் அடங்குவாள் என்று நினைத்தேன். கொளஞ்சியம்மாள் தன் பெயரில் ஒரு அட்டை வாங்கி, செங்கல் கனத்தில் ஒரு நாவலை எடுத்துவந்து கொடுத்துவிட்டாள். வெங்காயம் கொடுக்கிற சாக்கில் கடத்தல்! அதைக் கையில் வாங்கியதும் உன் அக்காள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? ஊசியில் கெட்டி நூலைக் கோத்து, கடைசிப் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து ஓரம் முழுக்கத் தைத்துவிட்டாள். நான் முடிவைப் பார்த்துவிடக் கூடாதாம். தானும் பார்க்க முடியாதே என்று கேட்டேன். "எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல, அங்க வர்றப்பப் பாத்துக்குறேன்" என்றாள். நான் எழுதினால் குற்றம், இவள் தைத்தால் குற்றம் இல்லையா என்று கலைச்செல்வனிடம் போய்ப் புகார் சொன்னேன். "தையலப் பிரிச்சா போயிரும் சார். நீங்க எழுதுனது போவாது" என்றான். இவனுக்கு நான் பாஸ் மார்க் போட்டதே தப்பு.

அந்தத் தையலை நான் பிரிக்கவில்லை. மாதா மேல் சத்தியமாகப் பிரிக்கவில்லை. புத்தகத்தை வில் மாதிரி லேசாக வளைத்து, விரிந்த சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். செண்பகம் என்று கதாநாயகி பெயர் தெரிந்தது, ரயில் என்று ஒரு சொல் தெரிந்தது. எனக்கு அது போதாதா? சாப்பிடும்போது சொன்னேன், "அந்தச் செண்பகம் ரயில்ல அடிபட்டுச் சாவப்போறா, இதுக்குப் போயி இவ்ளோ தையலா?" என்று. உன் அக்காள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கை கழுவினாள். அப்போது மாவுக்கட்டை அவிழ்த்தாகிவிட்டது, அதுதான் எனக்கு வந்த வினை. கட்டு இருந்திருந்தால் எங்கே போயிருப்பாள்?

பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்துச் சொன்னாள்: "இது நான் படிக்கிற பொஸ்தகம், நீங்க நடத்துற பாடமில்ல. நான் தையல் வரைக்கும் வந்துட்டேன். அந்தாண்ட என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. தெரியாமயே ஏலாக்குறிச்சிக்குப் போறேன். நீங்க இத மொதப் பக்கத்துலருந்து படிங்க. செவப்புப் பேனாவத் தொடாம படிங்க. தையல் வரைக்கும் வந்துட்டீங்கன்னா சொல்லி வுடுங்க, வரேன். நடுவுல பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி தச்சு வச்சிரலாம்னு நெனக்காதீங்க. என் தையல் எனக்குத் தெரியும். பிரிச்சது தெரிஞ்சுதுன்னா நான் அங்கயே இருந்துக்குறேன்." பஸ் ஏறிவிட்டாள். சாம்பார்ப் பொடி டப்பா எங்கே என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

என்னைப் பார்த்து வீட்டுப்பாடம் செய்யச் சொல்கிறாள்! மூன்று தலைமுறைக்கு வரலாறு நடத்தியவனை! என் பதில் இதுதான்: முடியாது. அவளிடம் போய்ச் சொல், முடியாது என்று. என் அப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டியவர், உனக்கு அவரைத் தெரியும். நான் புத்தகத்தை எடுத்தால் "பரீட்ச எப்படா?" என்று ஒரே கேள்விதான். பரீட்சை இருக்கிறது என்றால் சிம்னி விளக்கை என் பக்கம் நகர்த்தி வைப்பார், இல்லை என்றால் "அப்புறம் எதுக்குடா சீமெண்ணெயக் கரிக்கிற?" என்று ஊதிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் படித்த ஒவ்வொரு பக்கமும் எங்கள் வீட்டில் ஒருத்தர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைக்க வைத்தது. பரீட்சை இல்லாத புத்தகம் என்று ஒன்று இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவே இல்லை. இப்போது தலை நரைத்த பிறகு பெண்டாட்டி, பாய், பக்கத்து வீட்டுக்காரி, என்னிடம் படித்த பயல் எல்லாரும் சேர்ந்து வந்து சொல்கிறீர்கள். அப்போதே எவனாவது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு எரிகிறதா இல்லையா?

(இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டுச் சோற்றை இறக்கப் போனேன். குழைந்துவிட்டது. கொஞ்சம் வேறு வேலையாக இருந்துவிட்டேன்.)

அதுவும் எப்படிப்பட்ட கதை தெரியுமா? புரட்டியதில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்தச் செண்பகத்துக்கு ஒரு புருஷன், ராஜமாணிக்கம் என்று பெயர், ரேஷன் கடையில் வேலை. சரியான மடையன். அவள் ஆசையாக ஏதாவது பேச வந்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறான். அவள் பாட்டுப் பாடினால் "அடுப்பப் பாத்தியா?" என்கிறான். இவனை மாதிரி ஆளைப் பற்றியெல்லாம் படித்தால் ஒரு குடும்பம் உருப்படுமா? மாமியார்க்காரி வடகத்தைக் காயவைக்க, காவலுக்கு உட்கார்ந்த செண்பகம் காக்காய்க்கே வடகத்தை ஊட்டிவிடுகிற இடம் மட்டும் கொஞ்சம் சிரிப்பு வருகிற மாதிரி எழுதியிருக்கிறது. கொளஞ்சியம்மாள் வந்து "என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள், இருமல் என்று சொல்லி அனுப்பினேன். இதெல்லாம் பொதுவாகச் சொன்னேன், நீ அங்கே போய் ஒன்றுக்கு இரண்டாக அளக்காதே.

ஆகையால் கண்டிப்பாக, திட்டவட்டமாக, உன் அக்காளை உடனே அனுப்பிவை. புத்தகத்தை நான் நாளைக்கே கலைச்செல்வன் மேசையில் விட்டெறியப் போகிறேன், தையலோடு. இந்த வீட்டில் இனிமேல் பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும் தவிர எதுவும் படிக்கக் கூடாது. உனக்கும் உன் மனைவிக்கும் அடைக்கல மாதா எல்லா நலமும் தரட்டும். ஷாலினி மேரிக்கு என் ஆசி, பிளஸ் டூவில் வரலாற்றை விட்டுவிட வேண்டாம் என்று சொல். உன் அக்காளுக்கு மட்டும் மாதா நல்ல புத்தியைக் கொடுத்து, அதைச் சீக்கிரமாகவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
யாருடைய நிபந்தனைக்கும் கட்டுப்படாத
மு. செல்வநாதன், எம்.ஏ., பி.எட்.,
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒட்டி வைத்த உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பிரித்தது உறையைத்தான், தையலை இல்லை.

ஜோசப், அந்தச் செண்பகம் பெட்டியோடு ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாகவெல்லாம் இல்லை, அம்மா வீட்டுக்குப் போகிறாள். ராஜமாணிக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த முட்டாப்பய என்ன கேட்கிறான் தெரியுமா? "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கிறான். தண்ணி பாட்டில், ஜோசப்! அவள் எதைக் கேட்கக் காத்திருக்கிறாள், இவன் எதைக் கேட்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஆட்டைத் திட்டிவிட்டு வந்தேன். திரும்ப வந்து பார்த்தால் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள், வண்டி நகர்கிறது, இவன் கூடவே நடக்கிறான், வாயைத் திறக்கிறான், அங்கே தையல்.

"வா" என்பது ஒரே எழுத்து. ஓரெழுத்து ஒருமொழி என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான். அதைச் சொன்னால் இவன் கிரீடம் சரிந்தா போய்விடும்? என் வகுப்பில் இருந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். இப்படியும் ஒரு கல்நெஞ்சன் இருப்பானா?

காலையில் ஷேக் தாவூத் பாய் இந்தப் பக்கம் வந்தார். புத்தகத்தை என் கையில் பார்த்துவிட்டு, இந்தக் கதை தெரியும், போன மாசம்தான் படித்தேன் என்று வாயெடுத்தார். சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்திருந்தால், முக்கியமாக ஷாலினி மேரி, மூச்சு விடக் கூடாது.

மேலே நான்கு பக்கத்துக்கு எழுதியிருப்பதைக் கிழித்து அடுப்பில் போடு. கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது, நான் தொடவில்லை. தையல் அவள் போட்டபடியே இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடைசி வரியை நீ படிக்காதே, மடித்து அவள் கையில் கொடு.

தெரசா, வா.